மிஸ்ஸைத் தெரியுமோ?

வெளிக்கிட்டு நிற்கிற ஒருவரிடம் "எங்கே போறியள்?" என்று எங்கள் பக்கத்தில் கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் சரிவராது என்று நம்பிக்கை. ஆனால் அறியாமல் இருக்கவும் எங்களால் ஏலாது. அதனால் "தூரமோ?" என்று கேட்போம். கேட்கப்பட்டவரும் சங்கதியை விளங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி, காணிப் பிரச்சினை, மகளின் கலியாணப் பேச்சுக்கால் என்று எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். மிஸ் மட்டும் "உதில" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருப்பார். உதில என்றால் இந்தா, பக்கத்தில். சந்தைக்குப் போனாலும் அவருக்கு உதில. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் உதில போயிட்டு வாறன் என்று போனவர் கொழும்பில் நின்றிருக்கிறார். பஸ்ஸில் அவருக்குப் பின் இருக்கையில் இருந்த ஒரு பிள்ளையின் தாய் வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அவர் இங்கிருந்து போய் இரண்டு வருடமாகிறது. பெயரை எழுதப் போவதில்லை. போன நாட்டின் பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் எப்படியோ அறிந்து போன் எடுத்து, "ஏன் மாஸ்டர் உங்களுக்கு இந்தத் தேவையில்லாத வேலை?" என்று கேட்பார். அந்தக் குரலில் கோபம் இருக்காது, களைப்புத்தான் இருக்கும். அதுதான் எனக்குப் பயம்.

புதுக்குடியிருப்பில் ஒரு தனியார் கல்வி நிலையம். தகரக் கூரை, அரைச் சுவர், நடுவில் பலகைத் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் கணிதம் படிப்பிப்பேன், அந்தப் பக்கம் மிஸ் ஆங்கிலம் படிப்பிப்பார். என்னுடைய வகுப்பில் பிள்ளைகள் கொட்டாவி விடுகிற சத்தம் அவருக்கும், அவருடைய வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் எனக்கும் கேட்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். முதலாளி வவுனியாவில் இருந்தார், மாதத்தில் ஒரு தடவை எட்டிப் பார்ப்பார். மற்ற நாட்களில் நிலையத்தை நடத்தியது மலரக்கா. கதவு திறப்பது, கூட்டுவது, பால் விடாத பிளேன்ரீ போடுவது, போனுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர்தான். நிலையத்துப் போன் ஒரு பழைய பொத்தான் போன். காதில் வைத்தால் கேட்காது, சத்தமாகப் போட்டால்தான் கேட்கும். ஆகவே நிலையத்துக்கு வருகிற எந்தக் கதையும் ஊருக்கே கேட்கும்.

முதல் மூன்று வருடம் நான் மிஸ்ஸை மல்லாவி ஆள் என்றே நினைத்திருந்தேன். மல்லாவியைப் பற்றி யாரோ கதைத்தபோது ஒரு கடையின் பெயரைச் சரியாகச் சொன்னார், அதை வைத்து நானே முடிவெடுத்துவிட்டேன். ஒருநாள் பரந்தன் பஸ்ஸில் போகும்போது பார்த்தால், உடையார்கட்டில் ஒரு பையுடன் இறங்குகிறார். அடுத்த நாள் கேட்டேன்.

"மிஸ், நீங்கள் மல்லாவி எண்டெல்லோ நான் நினைச்சனான்?"

"மல்லாவியிலயும் இருந்தனான்."

"அப்ப சொந்த இடம் உடையார்கட்டோ?"

"உடையார்கட்டிலயும் இருந்தனான்."

இவருடன் மினக்கெடுவதைவிடச் சுவருடன் கதைக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

வகுப்பிலும் அப்படித்தான். ஆங்கிலம் பேசப் பழக்குகிறவர்கள் எல்லோரும் முதல் பாடமாக என்ன செய்வார்கள்? உன் பெயர் என்ன, அப்பா என்ன வேலை செய்கிறார், உனக்கு எத்தனை சகோதரர்கள். மிஸ் அந்தப் பாடத்தைத் தொடவே மாட்டார். சைக்கிள் காற்றுப் போனால் என்ன சொல்வது, பக்கத்து வீட்டு மாடு பயிற்றங்காயைத் தின்றுவிட்டால் மாட்டுக்காரரிடம் எப்படி மரியாதையாகச் சண்டை பிடிப்பது, இப்படித்தான் தொடங்குவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அப்பாவைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல முடியாத பிள்ளைகள் அந்த வாங்குப் பலகைகளில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. மிஸ்ஸுக்கு முதல் நாளே உறைத்திருக்கிறது. அதை ஒருநாளும் அவர் சொல்லிக் காட்டியதில்லை, சொல்கிற ஆளா?

அவருடைய கதையை எனக்குச் சொன்னது மலரக்காதான். ஒரே ஒரு தம்பி. கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். தாய் அவனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளைத் தேடுகிற தாய்மாருடன் தெருவோரக் கொட்டகையில் போய் இருந்தவர். அங்கே போய் இருக்கத் தொடங்கியதும் வீட்டுக்கு விசாரணை ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மோட்டார் சைக்கிளில் வருவார்கள், சாதாரண உடுப்பில் இருப்பார்கள், கதிரை போட்டால் உட்கார்ந்துவிடுவார்கள். மகள் எங்கே படிப்பிக்கிறார், யாருடன் பழகுகிறார், வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள். ஒரு தரம் சொன்னதை அடுத்த தரம் மாற்றிச் சொல்கிறோமா என்று பார்க்க அதே கேள்விகளைத் திரும்பவும் கேட்பார்கள். நிலையத்துக்கும் போன் வரும். அதனால் மிஸ் வேலைக்கு வந்த முதல் கிழமையிலேயே மலரக்காவிடம் சொல்லி வைத்திருந்தார்.

"அக்கா, ஆர் என்னைப் பற்றிக் கேட்டாலும் தெரியாது எண்டு சொல்லுங்கோ. அப்பிடி ஒராள் இஞ்ச இல்லை எண்டு சொல்லுங்கோ."

மலரக்காவுக்கு இது சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை. வன்னியில் வளர்ந்த எவருக்கும் இது தெரியும். தெரியாத குரல் ஒன்று தெரிந்த ஒருவரைப் பற்றிக் கேட்டால், எங்களுக்கு யாரையும் தெரியாது. என்னிடம் யாராவது என்னைப் பற்றிக் கேட்டால்கூட நான் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

தாய் செத்த அடுத்த வருடம் மிஸ் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள்.

"மாஸ்டர், ஒரு உதவி. நான் இஞ்ச படிப்பிக்கிறன் எண்டு ஒரு கடிதம் வேணும். முதலாளி உங்களை எழுதச் சொன்னவர், தான் கையெழுத்து வைக்கிறாராம்."

"என்னத்துக்கு?"

"உதில ஒரு இடத்துக்குக் குடுக்க."

"மிஸ், உதில எண்டு போட்டுக் கடிதம் எழுதேலாது."

அப்போதுதான் சொன்னார். விசா. வேலை தேடுகிற விசா. அந்த நாட்டுக்குப் போய், அங்கே பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கி, ஆங்கிலம் படிப்பிக்க வேலை தேடலாம். கொஞ்ச மாதம் தருவார்கள். அதற்குள் வேலை கிடைத்தால் நிற்கலாம், இல்லையென்றால் திரும்பி வரவேண்டும்.

"வேலை தேடுறதுக்கு விசாவோ?" என்றேன். "நாங்கள் இஞ்ச விசா இல்லாமலே வருசக்கணக்காத் தேடுறம்."

சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம். பிறகு, "களைச்சுப்போனன் மாஸ்டர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தை நான் நிரப்பிக்கொண்டேன். பட்டம் எடுத்த பிறகு தொண்டர் ஆசிரியராக எத்தனையோ வருடம் மல்லாவிப் பக்கத்தில் சம்பளமில்லாமல் படிப்பித்தார். நிரந்தரமாக்குவோம், நிரந்தரமாக்குவோம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் கடைசியில் வயது கூடிவிட்டது என்றார்கள். தாய் இருந்தவரை தாயை விட்டுப் போக முடியாது. இப்போது யாருமில்லை. வீட்டுக்கு வருகிற மோட்டார் சைக்கிளுக்குக் கதிரை போடுவதற்கு அவர் ஒருவர்தான் மிச்சம்.

நான் கடிதம் எழுதினேன். என்னுடைய ஆங்கிலத்தை அவரே திருத்தினார், தன்னைப் பற்றி நான் எழுதியிருந்த நல்ல வார்த்தைகளில் பாதியை வெட்டினார். கீழே நிலையத்தின் போன் இலக்கம். போகும்போது, "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. மலரக்காவுக்கும்" என்றார். வெளிநாட்டுப் பயணத்தைச் சொல்லித் திரிந்தால் நாவூறு பட்டுக் கெட்டுப்போகும் என்று இங்கே எல்லோருமே ஒளிப்பார்கள். விமானம் ஏறிய பிறகுதான் சொந்தச் சித்திக்கே சொல்வார்கள். ஆகவே நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, வாயை மூடிக்கொண்டேன்.

சில கிழமை கழித்து ஒரு பின்னேரம் மிஸ் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வரவும், மலரக்கா பிளேன்ரீயுடன் எதிரே போனார். முகத்தில் பெரிய பெருமை.

"பிள்ளை, இண்டைக்கு ஒருத்தன் போன் எடுத்து உங்களைக் கேட்டவன். கொழும்புத் தமிழ். இன்னார் இஞ்ச படிப்பிக்கிறாவோ, எத்தினை வருசம், எப்பிடிப்பட்ட ஆள் எண்டு ஒவ்வொண்டாக் கேட்டவன். நான் விடுவனே? அப்பிடி ஒராள் இஞ்ச இல்லை, கேள்விப்படவும் இல்லை எண்டு போட்டன். திரும்பியும் எடுத்தவன். தம்பி, இஞ்ச இங்கிலீசே படிப்பிக்கிறேல்லை எண்டு சொல்லி வைச்சிட்டன்."

கடிதத்தின் கீழே அந்தப் போன் இலக்கத்தை எழுதியதே நான்தான். மிஸ் தேத்தண்ணியை வாங்கினார். ஒரு வாய் குடித்தார். மலரக்கா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், பாராட்டுக்குக் காத்திருக்கிற முகம்.

"நல்ல வேலை செய்தனீங்கள் அக்கா" என்றார் மிஸ்.

பிறகு வகுப்புக்குள் போனார். அன்றைக்கும் பிள்ளைகள் சிரித்தார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் ஒரு சமன்பாட்டை மூன்று தரம் பிழையாகச் செய்தேன்.

வகுப்பு முடிந்ததும் அவரை மறித்தேன். கொழும்பிலுள்ள தூதரகத்துக்கு எடுத்துச் சொல்லுங்கோ, பிழை நடந்துவிட்டது என்று விளக்குங்கோ, மலரக்காவுக்கும் விஷயத்தைச் சொல்லுங்கோ என்று கத்தினேன். எனக்கு உண்மையாகவே கோபம். யாரில் என்று தெரியவில்லை.

"எடுத்துப் பாக்கிறன்" என்றார். "ஆனா அவாவை ஏசாதேங்கோ. அவா நான் சொன்னதைத்தானே செய்தவா?"

எடுத்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. வேலை அனுபவம் உறுதிப்படவில்லை என்று விசா மறுக்கப்பட்டது. அதைக்கூட அவர் சொல்லவில்லை. மாடு பயிற்றங்காய் தின்ற பாடத்தை அடுத்த புதிய வகுப்புக்கும் முதலிலிருந்து தொடங்கினார், அதிலிருந்து எனக்கு விளங்கியது.

மழைக்காலம் முடிந்து, வயல்கள் அறுத்து, வீதியோரம் நெல் காயப்போட்டிருந்த நாட்களில் இன்னொரு தடவை விண்ணப்பித்தார். இந்த முறை மலரக்காவை வாங்கில் இருத்திவைத்து எல்லாவற்றையும் சொன்னார். முதலில் மலரக்காவுக்கு விசா விளங்கியது. அதன் பிறகு, தான் அன்றைக்குச் செய்தது என்ன என்று விளங்கியது. தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். மிஸ் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"அழாதேங்கோ. இனி எடுத்தால் தெரியும் எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான்."

"தெரியும் எண்டு சொல்லுறன். வேற என்ன சொல்லட்டும்?"

"நல்லாப் படிப்பிக்கிறவா எண்டு சொன்னால் போதும்."

"உடையார்கட்டுப் பிள்ளை எண்டு?"

"அது வேண்டாம்."

"அம்மாவைப் பாத்த விதம்? அவா செத்த அண்டைக்குப் பின்னேரமும் பிள்ளையளுக்குச் சோதினை எண்டு வந்து நிண்டனீங்களே, அது?"

"அதுவும் வேண்டாம் அக்கா."

"தம்பியை?"

மிஸ் எழும்பிப் போய்க் கரும்பலகையைத் துடைத்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

எனக்கும் ஒரு வேலை தந்தார். அங்கே பள்ளிக்கூடங்களில் நேர்முகம் வைப்பார்கள், ஆகவே நான் அதிபர் மாதிரிக் கேட்க வேண்டும், அவர் பதில் சொல்லிப் பழகுவார். இலக்கணம், வகுப்பை அடக்குவது, பலவீனமான பிள்ளையைத் தூக்கிவிடுவது எதைக் கேட்டாலும் தங்குதடையில்லாமல் ஆங்கிலம் ஓடும். "உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்" என்று கேட்டால் மட்டும், "நான் ஒரு ஆசிரியை" என்று தொடங்கி அதிலேயே முடித்துவிடுவார். பிறகு என்ன என்றால், அவ்வளவுதான் என்பார். தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னால் அவருக்கு, வீட்டுக் கதிரையில் இருந்து விசாரித்தவர்களின் ஞாபகம் வருகிறது என்று நினைக்கிறேன். பல பின்னேரங்கள் முயன்றோம். கடைசிவரை அந்த ஒரு வசனம் இரண்டாகவில்லை. வேலை கிடைக்கப் போவதில்லை என்று எனக்குப் பட்டது, சொல்லவில்லை.

இந்த முறை ஒருவருமே போன் எடுக்கவில்லை. மலரக்கா குளிக்கப் போனாலும் போனைக் கிணற்றுக் கட்டில் வைத்துக்கொண்டு திரிந்ததுதான் மிச்சம். விசா பேசாமல் வந்து சேர்ந்தது. மிஸ்ஸைவிட மலரக்காவுக்குத்தான் ஏமாற்றம்.

"நான் பாடமாக்கி வைச்சிருந்தன்" என்று என்னிடம் முறைப்பட்டார்.

போகிற நாள் பின்னேரம் கொழும்பு பஸ்ஸுக்கு நின்றோம். ஒரு சூட்கேஸ், ஒரு பை. வழியனுப்ப நானும் மலரக்காவும் மட்டும். பஸ் நிலையத்தில் கச்சான் கடலை விற்கிற அம்மா சூட்கேஸை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வழமைபோல் கேட்டார்.

"தூரமோ பிள்ளை?"

உதில என்ற சொல்லுக்கு நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"ஓம் அம்மா. தூரம்தான்" என்றார் மிஸ்.

அந்த அம்மா ஒரு சுருள் கச்சானை அவருடைய கையில் திணித்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் மிஸ் பையிலிருந்து வீட்டுத் திறப்பை, அந்த ஒற்றைச் சாவியை, எடுத்து மலரக்காவிடம் கொடுத்தார்.

"இடைக்கிடை போய்க் கூட்டி விடுங்கோ. அக்கா, ஆரும் வந்து கேட்டால்…"

"தெரியாது எண்டு சொல்லுறன், நீங்கள் யோசியாதேங்கோ."

"இல்லை அக்கா. வீட்டுக்கு வந்து கேட்டால், நான் எங்க நிக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

"ஆர் வந்து கேட்டாலுமோ?"

"ஆர் வந்தாலும்."

யாரை நினைத்துச் சொல்கிறார் என்று மலரக்காவுக்கும் விளங்கியது, எனக்கும் விளங்கியது. மூவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். பஸ் புறப்பட்ட பிறகு மலரக்கா திறப்பைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டார். அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் உடையார்கட்டுக்குப் போய் அந்த வீட்டைக் கூட்டிவிட்டு வருவார்.

போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று ஒரு செய்தி அனுப்பினார். அதன் பிறகு மாதக்கணக்காக ஒன்றுமில்லை. வேலை கிடைத்ததோ என்று பிள்ளைகளின் தாய்மார் என்னைக் கேட்பார்கள். தெரியாது என்பேன். ஒளிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். அவருடைய விசாவில் சில கிழமைதான் மிச்சம் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் எந்த முகத்துடன் எதிரே போவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அப்படி ஒரு நாள் பின்னேரம். வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. நிலையத்துப் போன் அடித்தது. இலக்கத்தைப் பார்த்த மலரக்கா பதறிப்போனார். முன்னால் கூட்டல் குறி போட்ட நீண்ட இலக்கம். "மாஸ்டர், வெளிநாடு! கேக்கப் போறாங்கள்!" என்று விளக்குமாற்றைப் போட்டுவிட்டுப் பொத்தானை அமத்தினார். அந்தப் பக்கத்தில் "ஹலோ" என்று, இரைச்சலில் யாருடைய குரல் என்று தெரியாமல், ஒரு சொல் வந்தது. அதற்கு மேல் மலரக்கா இடம் கொடுக்கவில்லை.

"ஓம் தெரியும்! அந்தப் பிள்ளையை எனக்கு நல்லாத் தெரியும் ஐயா, தாய் பிள்ளை மாதிரித் தெரியும். உடையார்கட்டுப் பிள்ளை. இஞ்ச இங்கிலீசு படிப்பிச்சவா, அவா போனாப் பிறகு பிள்ளையள் சிரிக்கிறேல்லை. முந்தி நான் தெரியாது எண்டு சொன்னது பொய் ஐயா, அது என்ர பிழை, அந்தப் பிள்ளையின்ர பிழை இல்லை. தாயைக் கடைசிமட்டும் வைச்சுப் பாத்தவா. தாயை எரிச்சிட்டு வந்து அண்டைக்குப் பின்னேரமே பிள்ளையளுக்குச் சோதினை எண்டு வகுப்பெடுத்தவா. அவவுக்கு ஒரு தம்பி. துலைஞ்சுபோனான் ஐயா. அவன் வந்தால் குடுக்க வீட்டுத் திறப்பு என்னட்டை இருக்கு. அவா தன்ர வாயால ஒண்டும் சொல்லமாட்டா, அது அவவின்ர குணம். கேட்டுக் கேட்டுக் களைக்கப் பண்ணிப்போட்டாங்கள். நீங்களாவது கேளாமல் வேலையைக் குடுங்கோ. பொய் இல்லை ஐயா, நல்ல பிள்ளை."

மூச்சு வாங்க நிறுத்தினார். போனில் சத்தமில்லை. ஐயாவுக்குத் தமிழே விளங்கவில்லையாக்கும் என்று நான் போனை வாங்கக் கையை நீட்டினேன். அப்போது அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அக்கா… நான்தான்."

மலரக்கா வாயைப் பொத்திக்கொண்டார். நான் தடுப்புப் பலகையில் சாய்ந்தேன். சொல்ல வேண்டாம் என்று அவர் சொன்ன ஒவ்வொன்றையும், ஒன்றுகூட விடாமல், அவரிடமே சொல்லியாகிவிட்டது.

"என்ர பிள்ளை, கோவிக்காதேங்கோ. நான் வேற ஆரோ எண்டு…"

"இல்லை அக்கா. ஒரு பள்ளிக்கூடத்தில நேர்முகம் முடிஞ்சது. உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ எண்டு கேட்டவை. நான் சொன்னது போதாதாம். என்னைத் தெரிஞ்ச ஆரோடயாவது கதைக்கோணுமாம். நாளைக்கு இந்த நேரம் எடுப்பினம். அதைச் சொல்லத்தான் எடுத்தனான்."

"அப்ப நான் என்ன சொல்லட்டும்?"

"இப்ப சொன்ன மாதிரியே சொல்லுங்கோ. மாஸ்டர் பக்கத்தில நிண்டு இங்கிலீசில சொல்லட்டும்."

"உடையார்கட்டு எண்டதையும்?"

"ஓம்."

"அம்மாவையும்?"

"ஓம் அக்கா."

மலரக்கா கழுத்தில் கிடந்த திறப்பைக் கையால் பிடித்துக்கொண்டார். கேட்கலாமோ விடலாமோ என்று என்னைப் பார்த்தார். பிறகு, மெல்ல, கேட்டுவிட்டார்.

"தம்பியையும் சொல்லட்டோ பிள்ளை?"

போனில் அந்த ஊர் வாகனம் ஒன்று கடந்து போகிற சத்தம் கேட்டது.

"சொல்லுங்கோ" என்றார் மிஸ்.